மஹர் காத்த பெயர்

எம் பாட்டியாரை ஈன்ற அன்னையாரைப் பற்றி எமக்குக் கிட்டிய சான்றுகள் இரண்டே. ஒன்று, நாமக்கல் வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசலின் ஹிஜ்ரி 1334ஆம் ஆண்டு நிக்காஹ் பதிவேடு. அதில் அவர்தம் பெயரும் தந்தையார் பெயரும் மஹர்த் தொகையும் உள. மற்றொன்று, எம் குடும்பத்து அரபுத்தமிழ் ஏட்டின் ஓரக்குறிப்பு. ஹிஜ்ரி 1337 ஸபர் மாதம் ‘பிள்ளையின் தாய் மௌத்து’ என்பதோடு அது முடிகிறது. பால்குடி மறவா அப்பிள்ளையே எம் பாட்டியார்.

அந்த ஸபர், 1918 நவம்பரை ஒட்டியது. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை மாய்த்த இன்புளுயன்சாக் காய்ச்சல் இளவயதினரை மிகுதியும் வாரிச்சென்ற காலம் அது. அவரும் அதற்கே இரையாகியிருக்கலாம் என எண்ணுகிறோம்.

நாமக்கல் வட்டம் 1910இல் சேலத்தினின்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர்ச் சேலத்தோடு இணைந்து, 1997இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. எனவே அக்கால அரசுப் பதிவுகளை நாடுவோர் திருச்சி ஏடுகளையும் காணல் வேண்டும்.

மணமாகி மூவாண்டிற்குள் மறைந்த அவ்வம்மையார், மஹருக்கு உரியவராய் எழுதப்பட்டமையாலன்றோ இன்று பெயரோடு எஞ்சியுள்ளார்! சமுதாயப் பெரியோர் தத்தம் மஹல்லாப் பதிவேடுகளைப் படியெடுத்துக் காத்திடல் வேண்டும். மாணவர் சிலரேனும் அரபுத்தமிழ் பயில முன்வரின், பெயரிழந்த அன்னையர் பலர் தம் பெயர் பெறுவர்.