வகுப்பறை மீன் தொட்டியும் ஒரு துண்டுத் தங்கூசியும்



சென்ற தவணையில் எமது தரம் 8 வகுப்பறையில் மீன் தொட்டியொன்று வைத்தோம். குப்பி மீன்கள். குஞ்சு போட்டதும் பெரிய மீன்களே அவற்றைத் தின்றுவிடும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள ஜாவா பாசியைக் கல்லில் கட்டி வளர்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

முதல் முறை நாம் பிழைவிட்டோம். கல் சரிதான். வினாகிரி விட்டு, நுரைத்த முருகைக் கற்களை ஒதுக்கி, நுரைக்காத கருங்கல்லைத்தான் எடுத்தோம். ஆனால் பாசியைக் கைநிறைய அள்ளி வைத்து, தையல் நூலால் சுற்றிவிட்டோம். வெளிச்சம் படாத அடிப்பகுதி பழுப்பாகிப் போனது. சில கிழமைகளில் நூலும் உக்கி, பாசி கழன்று பில்டரை அடைத்தது.

"பஞ்சு நூல் தண்ணிக்க நிக்காது சேர். தங்கூசி வேணும்."

சொன்னவன் கடைசி வாங்கு மாணவன். வாப்பா கடலுக்குப் போகிறவர். கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் பெரிய விசயம். பாடநேரத்தில் மேசைக்குக் கீழே நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பான். அதற்காக நாமே அவனைப் பலமுறை ஏசியிருக்கிறோம்.

அடுத்த நாள் தங்கூசியோடு வந்தான். பாசியைச் சிறிய துண்டுகளாக வெட்டி, கல் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பச் சொன்னோம். இறுக்காமல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, கல்லுக்கு அடியில் முடிச்சிட்டான். மீன் சிக்காதிருக்க நுனியை ஒட்ட நறுக்கினான். முழு வகுப்பும் அவனைச் சுற்றி நின்றது.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. வேர்போன்ற நுண்ணிய இழைகளால்தான் கல்லைப் பற்றும். ஜாவா பாசியின் பிடி கொஞ்சம் தளர்வானது. அதனால்தான் உக்காத நூல் தேவைப்படுகிறது. ஆசிரியர் கலாசாலையில் இதையெல்லாம் படித்தோம். ஆனால் எந்த நூல் தண்ணீரில் நிற்கும் என்பதை அவன்தான் எமக்குப் படிப்பித்தான்.

தொட்டியை நேர் வெயில் படாத இடத்துக்கு மாற்றினோம். ஒன்றரை மாதத்தில் புதிய பச்சை நுனிகள் தங்கூசியை மறைத்துவிட்டன. போன கிழமை பாசிக்குள் ஏழு குஞ்சுகளை எண்ணினோம். அல்ஹம்துலில்லாஹ்.

அவன் இப்போது ஒவ்வொரு நாளும் பாடசாலை வருகிறான் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் வருகிறான். காலையில் முதலில் தொட்டியடிக்குத்தான் போகிறான். வாசிப்பில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். அது எமது வேலை. இடைவேளையில் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைக்கிறோம்.

அவனுடைய வாப்பாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். "கடலுக்குக் கூட்டிப் போகலாமெண்டு இருந்தன் சேர். சாதாரண தரம் எழுதட்டும், பார்ப்பம்" என்றார்.

பெற்றோரே, சக ஆசிரியர்களே, மேசைக்குக் கீழே பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று ஏசுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். நாம் பார்க்கத் தவறியிருந்தோம்.