விசுக்கோத்துத் தகரத்துள் ஒரு பற்றுச்சீட்டு

வட்டிக்கு வாங்கிய கடனை மனிதன் மறப்பதில்லை. கொடுத்தவன் மறக்க விடுவதுமில்லை. வரி நிலுவையின் தன்மை வேறு. நாம் ஊரில் இல்லாத காலத்திலும் அது ஓசையின்றி வளர்ந்துகொண்டேயிருக்கும். இதனை நாம் திருகோணமலையில், எமது வீட்டு வாயிலிலே நின்று கற்றுக்கொண்டோம்.

உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள அந்த வீட்டை எழுப்பியவர் எம் அப்பப்பா. பிரித்தானியக் கடற்படையின் டொக்யாட்டிலே தச்சுவேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அவரது வேலை போயிற்று, வீடு மிஞ்சிற்று. சம்பளம் நின்ற பின்னரும் அவர் ஒரு வழக்கத்தை விடவில்லை. ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னரே ஆண்டு முழுவதற்குமான ஆதன வரியைக் கட்டிவிடுவார். அவ்வாறு கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு. காலாண்டின் முதல் மாதத்திலே கட்டுவோருக்கு ஐந்துதான். "அந்தப் பத்து, பேரப்பிள்ளையளின்ரை விசுக்கோத்துக் காசு" என்பார். விசுக்கோத்து வந்த தகரத்திலேயே பற்றுச்சீட்டுகளும் அடுக்கப்பட்டன. அவருக்குப் பின் எம் தந்தையாரும் அவ்வாறே செய்துவந்தார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது படகேறினோம். அன்னையார் எடுத்துச்சென்றவை இரண்டு: காணி உறுதி, அந்தத் தகரம். மண்டப முகாமிலே அத்தகரத்தைத் தலைமாட்டில் வைத்தே உறங்கினார். அக்காலத்தில் நாம் அதற்காக அவரைப் பரிகசித்ததுண்டு.

2003இல் திரும்பினோம். கூரை இல்லை, அறைக்குள்ளே எருக்கு முளைத்திருந்தது. அயல்வீட்டார் ஒரு கட்டுக் கடிதங்களைக் கையிலே தந்தனர். அத்தனையும் வரி அறிவித்தல்கள். 52 காலாண்டு நிலுவை, அதன்மேற் செலவுத் தொகை. யாவும் சேர்ந்து பதினோராயிரத்துச் சொச்சம். முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களுக்கு அது மலை.

மறுவாரமே ஒரு தரகர் வந்தார். "வீடு ஏலத்திலை போகப் போகுது, அம்மா. இப்பவே எழுதித் தந்தால் ஏதாவது கையிலை மிஞ்சும்" என்றார். கந்தோர்ப் படியேற அஞ்சியிருந்த நாமும் அரைமனத்தோடு தலையாட்டினோம் என்பதை மறைப்பானேன்?

எம்மைத் தடுத்தவர் அடுத்த ஒழுங்கையிலிருந்த, ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர். வேறோர் ஊரில் வரிப் பகுதியிலே கடமையாற்றியவர். "பிள்ளை, அறிவித்தல் இல்லாமல் ஏலம் இல்லை. முதலிலை கணக்கைக் கேளுங்கோ. காசைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார்.

அவர் சொன்ன ஒழுங்கு இது: காலாண்டுவாரியான கணக்கை எழுத்திலே பெறவேண்டும். வரி எவ்வளவு, செலவு எவ்வளவு எனப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஊரைவிட்டுச் சென்ற காலத்தைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு குறிப்பிட்டுத் தவணை கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். போகும்போதே முதல் தவணையும் கையில் இருக்கவேண்டும். வரியானது வீட்டின் ஆண்டுப் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை என விதிக்கப்படுவதாகையால், கூரையற்ற வீட்டுக்குப் பழைய பெறுமதியை வைத்திருப்பதற்கும் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் அது இனிவரும் வரியையே குறைக்கும், பழைய நிலுவையை அன்று என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். எமக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது அந்த ஒரு சொல்லினாலேதான்.

கணக்கு வந்தது. அதன் முதல் வரியிலே 1990இன் மூன்றாங் காலாண்டு. அன்னையார் அதனைப் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் தகரத்தைத் திறந்தார். அடியிலே கிடந்தது 1990 ஜனவரியிலே தந்தையார் ஆண்டு முழுவதற்கும் கட்டிய பற்றுச்சீட்டு.

கந்தோரிலே இளம் இலிகிதர் அதனை இருமுறை புரட்டிப் பார்த்தார். பேரேட்டைத் திறந்தார். பின்னர் சிவப்புப் பென்சிலால் இரண்டு காலாண்டுகளையும் அவற்றின் செலவையும் வெட்டிவிட்டார். குறைந்த தொகை சிறிதுதான். எனினும் அன்னையார் கதிரையிலே நிமிர்ந்து அமர்ந்ததை அன்று கண்டோம். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் எந்தக் கந்தோரிலும் அப்படி அமர்ந்ததில்லை.

எஞ்சிய 50 காலாண்டுகளையும் பத்து மாதத் தவணையிற் கட்ட அனுமதி கிடைத்தது. முதல் தவணைக்காக ஒரு காப்பு அடகுக்குப் போய், ஓராண்டின்பின் மீண்டது. தரகரைச் சந்தையிலே கண்டபோது அவர் மீன் விலையை விசாரிப்பதிற் கருத்தாயிருந்தார்.

இறுதித் தவணையின் சீட்டை அன்னையார் தகரத்துள் வைத்தார்; அதன்மேல் 1990ஆம் ஆண்டுச் சீட்டையும் வைத்து மூடினார். படகிலே கடல்நீர் பட்ட இடத்தில் அதன் நீல மை சற்றே பரந்திருக்கிறது. தொகையை மட்டும் இன்னும் வாசிக்கலாம்.