ஒண்டு இருக்கே, ஏன் இன்னொண்டு?

பேஸ் கிற்றார் வாசிக்கிற எவருக்கும் ஒரு கட்டத்தில் வீட்டில் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போன பிறகு, கடையில் தொங்குகிற எந்த வாத்தியத்தின் விலையும் விளையாட்டில்ல. அதனால் காசைச் சேர்க்கத் தொடங்கினபோதே எனக்கும் ஒரு ஒழுங்கான பதில் தேவைப்பட்டது.

அம்மாவுக்குச் சொன்ன பதில் சின்னது. "வீட்டில அம்மியும் இருக்கு, உரலும் இருக்கு. அம்மியில அரைச்ச சம்பலும் உரலில இடிச்ச சம்பலும் ஒண்டோ?" அம்மா சிரிச்சா. ஆனால் அது பாதிப் பதில். நிறையப் பேர் செய்வது இரண்டாவது உரல் வாங்குகிற வேலை: கையில் இருக்கிறதைப் போலவே ஒன்றை, கொஞ்சம் விலை கூடினதாக எடுப்பது. அதில் பெருமை வரும், புதுச் சத்தம் வராது.

என்னிடம் இருப்பது பிரிசிஷன் வகைப் பேஸ். லியோ ஃபென்டர் 1951இல் கொண்டு வந்த வடிவம். இரண்டாகப் பிரிஞ்ச பிக்கப் 1957இல் வந்தது. தடித்த, நேரான சத்தம். திருவிழா மேடைகளில் இளையராஜா பாட்டிலிருந்து பைலா வரைக்கும் அதில்தான் வாசிக்கிறேன். அதை விற்கிற எண்ணம் இல்லை. ஆகவே கேள்வி, "எது நல்ல பேஸ்?" என்பதில்ல. "இதால செய்ய ஏலாதது எது?" என்பதுதான்.

இதற்கு நான் வைச்சுக்கொண்ட விதி ஒன்று. ஸ்ட்ரிங் மாத்திக் கிடைக்கிற சத்தத்துக்காகப் புதுப் பேஸ் வாங்கக்கூடாது. பழைய, மொத்தமான, 'டும்' என்ற சத்தம் வேணுமா? ஃபிளற்வவுண்ட் ஸ்ட்ரிங் போட்டால் பெரும்பகுதி வந்துவிடும். மோற்றவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அப்படியான ஸ்ட்ரிங்கோடு ஒரு பிரிசிஷனில்தான் வாசிச்சார். பளிச்சென்று வேணுமா? புது ரவுண்ட்வவுண்ட் போடலாம். ஸ்ட்ரிங்கால் மாத்த ஏலாதவை நாலு: பிக்கப் இருக்கிற இடம், ஸ்ட்ரிங் எண்ணிக்கை, ஸ்கேல் நீளம், ஃபிரெட். காசு போக வேண்டியது இந்த நாலில் ஒன்றுக்குத்தான்.

முதலில் பிக்கப். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். பாலத்துக்குக் கிட்ட இருக்கிறதைக் கூட்டினால், கீபோட்டின் இடது கைக்கும் ஒக்டபாட்டுக்கும் நடுவில் பேஸ் தெளிவாகக் கேட்கும். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் இரைச்சலும் கேட்கும். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கிற ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். ஜெனரேற்றரும் அலங்கார லைற்றும் நிறைஞ்ச மேடையில் அந்த இரைச்சலும் சேர்ந்து வாசிக்கும். நல்ல பேஸ்தான். ஆனால் எனக்கு வேண்டிய தெளிவை அம்பின் மிட்டைக் கூட்டியே ஓரளவு எடுத்துவிடுகிறேன்.

அடுத்தது அஞ்சு ஸ்ட்ரிங். பாடகர் "இண்டைக்குத் தொண்டை சரியில்ல, சுருதியை இறக்குங்கோ" என்பார். கீபோட்காரர் ஒரு பட்டனை அழுத்துவார், மாட்டிக்கொள்வது பேஸ்காரர். அதற்குக் கீழ் பி ஸ்ட்ரிங் உதவும். அதன் அடிப்படை அதிர்வெண் 31 ஹேர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. நாங்கள் வாடகைக்கு எடுக்கிற பொக்ஸ்களில் அது ஒழுங்காக வராது. மாதத்தில் ரெண்டு பாட்டுக்கு ஈ ஸ்ட்ரிங்கை டி வரைக்கும் தளர்த்தினால் போதும்.

மூன்றாவது குட்டை ஸ்கேல். வழமையான 34 அங்குலப் பேஸில் முதலாம் ஃபிரெட்டிலிருந்து நாலாம் ஃபிரெட் வரைக்கும் ஏறத்தாழ 130 மில்லிமீற்றர். 30 அங்குலத்தில் 114. கை வலிக்கிற ஆளுக்கு இந்த 16 மில்லிமீற்றர் பெரிய விசயம். "அது சின்னப் பிள்ளையளின்ர சாமான்" எண்டு யாரும் நக்கலடிச்சால், போல் மக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹொஃப்னரும் 30 அங்குலம்தான் என்று சொல்லுங்கோ. எனக்குக் கை வலியில்லாததால் இதையும் தள்ளி வைச்சேன்.

மிஞ்சினது ஃபிரெட்.

நாங்கள் நாலு பேர் மேடைக்கு வெளியே சொந்தமாகப் பாட்டுச் செய்து பார்க்கிறோம். எங்கட பாடகி கர்நாடக சங்கீதம் படிச்சவ. அவ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போவா. நான் கீழே படிப்படியாக ஏறுவேன். வீணையிலும் மெட்டு இருக்குத்தானே என்று கேட்கலாம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எடுக்கலாம். பேஸின் ஈ ஸ்ட்ரிங் இரண்டரை மில்லிமீற்றருக்கும் மேல் தடிப்பு. அப்படி இழுக்க விரல் காணாது.

ஃபென்டர் அந்தப் பேஸுக்குப் 'பிரிசிஷன்' என்று பெயர் வைச்சதே ஃபிரெட் இருப்பதால்தான். ஃபிரெட் இல்லாத டபுள் பேஸில் சுருதி தவறும், இதில் தவறாது என்பதுதான் அதன் அர்த்தம். அப்படியென்றால் அதற்குச் சரியான துணை, அந்தக் காவல் இல்லாத பேஸ்தான்: ஃபிரெட்லெஸ். ஜாக்கோ பஸ்ரோரியஸின் 1976ஆம் ஆண்டு அல்பத்தைக் கேட்டுப் பாருங்கோ. பேஸ் பாடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இதற்கும் விலை உண்டு. 34 அங்குலப் பேஸில் முதலாம் ஃபிரெட்டின் இடைவெளி ஏறத்தாழ 48 மில்லிமீற்றர், பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் 24. விரல் அஞ்சு மில்லிமீற்றர் தள்ளி விழுந்தால் கீழே அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகும். மேலே ஐந்தில் ஒரு பங்கு. தன்ர சத்தமே தனக்குக் கேட்காத திருவிழா மேடையில் இந்த ஆபத்தை எடுக்க ஏலாது. அங்கே பிரிசிஷன்தான். "பழையதை வித்துப்போட்டு ஒரு திறம் ஃபிரெட்லெஸ்ஸா எடு மச்சான்" என்று நண்பன் சொன்னதை நான் கேட்காததும் அதனால்தான். மேடைக் காசு பழையதால் வருகிறது. எங்கட பாட்டு புதியதைக் கேட்கிறது.

ஆகவே நான் தேடுவது இது: நாலு ஸ்ட்ரிங், பாவிச்சதென்றாலும் சரி, ஃபிரெட் இருக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டது. கோடு இருந்தால் கண் உதவும். ஆனால் விரல் வைக்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் அல்ல, கோட்டின் மேலேயே. ஸ்ட்ரிங் ஃபிளற்வவுண்ட், ரவுண்ட்வவுண்டின் சுற்று, அரம் மாதிரி மரத்தைத் தேய்க்கும்.

உங்கட பதில் வேறாக இருக்கலாம். கடைக்குப் போக முதல், கையில் இருக்கிற பேஸோடு மல்லுக்கட்டின அஞ்சு பாட்டை ஒரு கொப்பியில் எழுதுங்கோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், குறை ஸ்ட்ரிங்கிலா, அம்பிலா, விரலிலா, பேஸிலா என்று குறியுங்கோ. பேஸ் என்று ஒன்றும் விழாவிட்டால் காசை வைச்சிருங்கோ, நல்ல ஸ்ட்ரிங் ரெண்டு செற் வாங்குங்கோ. என்ர கொப்பியில் மூன்று பாட்டு பேஸ் என்று விழுந்தது. மூன்றும் எங்கட சொந்தப் பாட்டு.