சீர்காழியில் ஒரு வெள்ளிக்கிழமை

சீர்காழி என்றதும் தோணியப்பரும், ஞானசம்பந்தருக்கு அம்பாள் பால் கொடுத்த குளக்கரையும்தான் நமக்கு ஞாபகம் வரும். சட்டைநாதருக்கு வெள்ளிக்கிழமை விசேஷமாயிற்றே என்று நானும் ஒரு வெள்ளியன்று அங்கே அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்.

காபி கொண்டுவந்த அத்தையின் மருமகள் முகம் வாடியிருந்தது. "என்னடி விஷயம்?" என்றேன்.

"சின்னவளுக்குத் தனியார் பள்ளியில இலவச இடத்துக்கு இணையத்துல மனுப் போடணும்னாங்க. கடையில நூறு ரூபா கொடுத்துப் போட்டேன்க்கா. பொறந்த வருஷத்தைத் தப்பா அடிச்சிட்டாங்க. தள்ளுபடி ஆயிடுச்சு."

"நீயே பார்த்துப் போடக் கூடாதா?"

"போன் அவர்கிட்ட. அவர் வயலுக்குப் போனா ஓ.டி.பி.யும் வயலுக்குப் போயிடுது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் குழந்தைக்கு ஒரு வருஷம் போயிற்றே!

அவளுக்கு அவள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். நூலகத் துறையின் தந்தை என்கிறோமே, எஸ்.ஆர். ரங்கநாதன், அவர் 1892ல் பிறந்தது இதே சீர்காழியில்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பது அவர் கட்சி. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்த மாட்டு வண்டி நூலகத்தை அவர்தான் தொடங்கி வைத்தார். டவுனுக்கு வர முடியாதவர்களைத் தேடி, வண்டி கட்டிக்கொண்டு புத்தகம் போயிற்று! 1948ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறதே, அது அந்தச் சட்டத்தால் வந்ததுதான். ஆக, நூலகம் நம் காசில் நடப்பது. உள்ளே நுழைய நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

நானும் கூச்சப்பட்டவள்தான். எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. பையன்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். நூலகர் அம்மா ஒருநாள், "வாங்க, நீங்க உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மௌஸைப் பிடிக்கக் கை நடுங்கியது. ஆனால் நாலாம் நாள் கரண்ட் பில்லை நானே கட்டினேன். வீட்டுக்காரரிடம் அன்று முழுவதும் சொல்லவில்லை!

ஒன்று மட்டும் கவனம், சகோதரிகளே. பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் 'லாக்அவுட்' செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது. ஓ.டி.பி.யைப் பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் படித்துக் காட்டவும் கூடாது.

"எங்க ஊர் நூலகத்துலயும் கம்ப்யூட்டர் இருக்குமாக்கா?" என்றாள்.

"போய்க் கேட்டால்தானே தெரியும்? கிளம்பு."

புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தைதான் திண்ணையிலிருந்து, "இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி, லைப்ரரி லீவு" என்றாள்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். சனிக்கிழமை காலையில் நான் பஸ் ஏறும்போது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் அவள் கைப்பையில் இருந்தன. போனை மட்டும் இன்னும் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.