அத்தைக்கு ஒரு நாற்காலி

2025 ஏப்ரலில் நம்ம சட்டப்பேரவையில் ரெண்டு சட்டத்திருத்தங்கள் நிறைவேறின. அதன்படி ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினராக நியமிக்கப்படுவார். ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் இது உண்டு. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டுமே 12,000-க்கு மேல். செமஸ்டர் பரபரப்புல நம்மில் பலர் இதைக் கவனிச்சிருக்க மாட்டோம். நான் கவனிச்சதுக்குக் காரணம் என் அத்தை.

அத்தை இருக்கிறது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி. சின்ன வயசுல வந்த போலியோவால ஒரு கால் செயல்படாது. ஊன்றுகோல்தான் துணை. மூணு சக்கர சைக்கிள் எல்லாம் எங்க ஊர் ஏத்தத்துக்கு ஆகாது.

2024 நாடாளுமன்றத் தேர்தலில், 40 சதவீதமும் அதுக்கு மேலும் ஊனம் உள்ளவங்க வீட்டிலேயே தபால் ஓட்டு போடலாம்னு 12டி படிவம் இருந்துச்சு. அத்தை வேண்டாம்னுட்டாங்க. "வீட்டுக்குள்ள வந்து வாங்கிட்டுப் போயிட்டா, இங்க ஒருத்தி இருக்கான்னு யாருக்குடா தெரியும்?" ஏப்ரல் 19 அன்னைக்கு வாக்குச்சாவடிக்கே போய்த்தான் போட்டாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டு ஓட்டு பெரிய உதவி. ஆனா அத்தையோட கேள்வியும் நியாயம்தானே?

வாக்குச்சாவடி எல்லாரும் அணுகும்படி இருக்கணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. அன்னைக்கு அங்க சாய்தளம் இருந்துச்சு. இப்போ சிவில் நண்பர்கள் கொஞ்சம் கணக்குப் போடுங்க. மூணு படி, ஒவ்வொண்ணும் 15 செ.மீ., மொத்த உயரம் 45 செ.மீ. சரிவு 1:12 வேணும்னா சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்கணும். அங்க இருந்தது ரெண்டு மீட்டர்கூட வராது. ஊன்றுகோலோட அதுல ஏறினா பின்னால சாயும். அத்தை படியைப் பிடிச்சே ஏறினாங்க.

'சாய்தளம் உண்டா?' என்ற கட்டத்தில் யாரோ டிக் அடிச்சிருப்பாங்க. அது பொய்யும் இல்லை. ஆனா வேலையை முடிவு பண்ணின கூட்டத்தில், தினமும் ஏறி இறங்குற ஒருத்தர் உட்கார்ந்திருந்தா, சிமெண்ட் கலக்குறதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பாங்க. பிரதிநிதித்துவம்னா எனக்குப் புரியுறது இவ்வளவுதான்.

எங்க மலைக்கு இது புதுசு இல்லை. 1976 வரைக்கும் இங்க ஜாகிர்தார்கள் ஆட்சி. நமக்காக வேற யாரோ முடிவெடுத்தா எப்படி இருக்கும்னு தாத்தா தலைமுறைக்கு நல்லாத் தெரியும். இன்னைக்கு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் இடம் இருக்கு, பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் இருக்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவங்களுக்குன்னு ஒரு நாற்காலி வர 2025 ஆச்சு. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இன்னும் இல்லை. உகாண்டா நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 இடங்கள் ஒதுக்கியிருக்காங்க!

எனக்கு ஒரு பயமும் இருக்கு. இது தேர்தல் இல்லை, நியமனம். 'சொன்ன இடத்துல கையெழுத்துப் போடு'ன்னா சரின்னு போடுற ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு உட்கார வச்சா, அந்த நாற்காலியும் ரெண்டு மீட்டர் சாய்தளம் மாதிரிதான். இதை அத்தைகிட்ட சொன்னேன். "மலையெல்லாம் ஏறி இறங்கி என்னால ஓட்டுக் கேக்க முடியாது. நியமனம்னாதான் நான் உள்ள போக முடியும். போனப்புறம் பேசறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்"னாங்க.

விண்ணப்பிக்கப் போறாங்களாம். கிடைக்குமான்னு தெரியாது. நீங்க ஒண்ணு செய்யலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்குது. அடுத்தது எப்போன்னு உங்க ஊர்ல கேளுங்க. போகும்போது பையில ஒரு அளவு டேப் இருக்கட்டும்.