ஆவாரையும் ஆய்வுகூடமும்

ஆவாரை பூத்துக் குலுங்கும் நாட்டில் மனிதர் இறப்பதும் உண்டோ என வியந்து கேட்டனர் நம் முன்னோர். அவர்கள் கேட்டது வினா. பின்வந்தோர் அதனையே விடையாகக் கொண்டுவிட்டனர். வறண்ட நிலத்திலே மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கும் அச்செடியைச் சிங்கள மக்கள் 'ரணவரா' என்பர். அதன் உலர்ந்த பூவை நீரிலிட்டுக் கொதிக்கவைத்துப் பருகும் வழக்கம் இரு மொழியாரிடத்தும் உண்டு.

பொரளையில் இவ்வினாவுக்கு இரு வாயில்கள் உள. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரியோடு தோன்றிய ஆயுர்வேத வைத்தியசாலை ஒன்று. கின்சி வீதியிலுள்ள கொழும்பு மருத்துவ பீடம் மற்றொன்று. முன்னையது வழிவழி வந்த அனுபவத்தைப் பேணுவது. பின்னையது அளந்து பார்த்தே துணிவது. ஆயினும் அப்பீடத்து ஆய்வாளர்கள் நாட்டு மூலிகைகளைப் புறக்கணித்தாரல்லர். நீரிழிவுக்கென மக்கள் கையாண்ட மூலிகைகள் சிலவற்றை எலிகளுக்குக் கொடுத்து, குருதிக் குளுக்கோசு குறைகின்றதா என நோக்கி, 1984இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆவாரம்பூவும் இவ்வாறு உரைகல்லில் உரைக்கப்பட்டதே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்து 2002இல் வெளியான ஆய்வில், நஞ்சூட்டி நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குப் பூவின் நீர்ச்சாறு 30 நாள் புகட்டப்பட்டது. உடல் நிறை கிலோ ஒன்றுக்கு 0.45 கிராம் பெற்ற எலிகளிற் குருதிக் குளுக்கோசு தெளிவாகக் குறைந்தது, இன்சுலின் கூடியது. இலங்கை மூலிகைகளை ஆராய்ந்த மற்றொரு குழு, உணவின் மாப்பொருளைச் சிறுகுடலிற் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தை இப்பூ தடுக்கின்றது என 2004இல் அறிவித்தது.

விடை கிடைத்துவிட்டதென மகிழலாமோ? எலிக்குப் புகட்டியது நிறுத்து அளந்த சாறு. 60 கிலோ நிறையுள்ள மனிதருக்கு அக்கணக்கைப் பெருக்கினால் 27 கிராம் வரும். மனித உடலோ எலியின் பெருக்கமன்று. வீட்டுக் கோப்பையிலே எத்துணைச் சாறு உள்ளதென்பதைப் பருகுபவர் அறியார்.

பொரளைச் சந்தொன்றிலே வாழும் தாயொருத்தி பூவை நம்பி மாத்திரையைக் கைவிட்டாள். சில கிழமைகள் உடம்பு ஒன்றும் சொல்லவில்லை. நீரிழிவின் கொடுமை அதுவே. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலின் உணர்வையும் அது ஓசையின்றி அரித்துச் செல்லும். பூவைப் பழித்தால், அதனைக் காய்ச்சக் கற்பித்த பாட்டியையே பழித்ததாகத் தாய் கொள்வாள் என மகள் அறிவாள். ஆதலாற் கோப்பையை அவள் பறிக்கவில்லை. தாயைக் குருதிச் சோதனைக்கு அழைத்துச் சென்று, வந்த எண்ணைக் காட்டினாள். மாத்திரை மீண்டது. பூவும் மாத்திரையும் சேர்ந்து குளுக்கோசை மிகையாகத் தாழ்த்தவுங் கூடும் என்பதால், பூ அருந்துவதை வைத்தியரிடம் மறையாது சொல்லவும் தாய் இசைந்தாள்.

பூவை அளந்து பார்ப்பது முன்னோரை இகழ்வதாகாது. அவர்தம் வினாவைப் பொருட்படுத்துவதாகும். இன்னாருக்கு, இத்துணை அளவு, இத்துணைக் காலம் என மனிதரிடத்து முறையாகச் சோதித்துச் சொல்லும்வரை, அவ்வினா வினாவாகவே நிற்கட்டும்.