அறுபது நிமிஷ கேசட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்குப் பிறகு நான் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழைகளை எடிட்டர் டீம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் வடக்குத்து. ஹாஸ்டலில் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் ‘நெய்வேலி’ என்றே சொல்லிப் பழகிவிட்டேன். அதே மாதிரி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் ‘பிசினஸ்’ என்பேன். அப்பா ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அதே கடையில் பாட்டு ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். நான் பிறப்பதற்குள் அது மூடியாகிவிட்டது.

எனக்கு ஜாஸ் பிடிக்கும். ஃபர்ஸ்ட் இயரில் ரூம்மேட் அக்கா ஒருத்தி மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைப் போட்டுக் காட்டினாள். 1959-ல் வந்த ஆல்பம். ஒரு வாரம் அதையே கேட்டேன். அப்புறம் கோல்ட்ரேன், மாங்க் என்று போய், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு எல்பி ரெக்கார்டும் வாங்கினேன். பிளேயர் கிடையாது. சுவரில் மாட்டி வைத்து இன்ஸ்டாவில் போட்டேன். அவ்வளவுதான் என் ‘கலெக்‌ஷன்’.

லீவில் ஊருக்குப் போனபோது, என்எல்சி டவுன்ஷிப்பில் நடத்தும் புத்தகக் கண்காட்சிக்கு அப்பா கூட்டிப்போனார். நான் முரகாமி நாவல் ஒன்றை எடுத்தேன், இங்கிலீஷில். பைக்கில் திரும்பும்போது பின்னாலிருந்து கத்திச் சொன்னேன்: “அப்பா, இவரு எழுத வர்றதுக்கு முன்னாடி டோக்கியோல ஜாஸ் பார் வெச்சிருந்தாரு. நாள் பூரா ரெக்கார்ட் போட்டுக்கிட்டே இருப்பாராம்!”

அப்பா கேட்டார்: “அப்போ நம்மள மாதிரி கடைக்காரர்தானா?”

நான் சிரித்தேன். ‘ஐயோ அப்பா, அது வேற இது வேற’ என்கிற சிரிப்பு. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருஷம் போகிக்குப் பரணைக் காலி செய்தோம். மூன்று சாக்கு நிறைய கேசட். எரிக்கக் கூடாது என்பதால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பாவே வாசலில் வைத்துவிட்டார். “எவன் கேக்கப் போறான் பாப்பா?” என்றார். சாக்குகளுக்கு அடியில் ஆறு நீள நோட்டுகள் இருந்தன.

கஸ்டமர்கள் எழுதிக் கொடுத்த பாட்டு லிஸ்ட்டையெல்லாம் அப்பா அதில் காப்பி பண்ணி வைத்திருந்தார். அவர் கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் நிமிஷம், செகண்ட். எதற்கு என்று கேட்டேன். அறுபது நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். கூட்டிப் பார்க்காமல் பதிந்தால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். பக்கம் முடிவதற்கும் பாட்டு முடிவதற்கும் சரியாக இருக்க வேண்டும். அதற்காக லிஸ்ட்டில் பாட்டுகளை முன்னே பின்னே மாற்றி வைப்பாராம். ஆனால் ஒரு சோகப் பாட்டுக்கு அடுத்து குத்துப்பாட்டு வராமலும் பார்த்துக்கொள்வாராம். நாம் டிஎஸ்ஏ கிளாஸில் நாப்சாக் பிராப்ளம் என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான். அப்பா அதை டிவிஎஸ் வண்டி நிற்கிற நேரத்தில் மனசுக்குள் போட்டிருக்கிறார்.

(சட்டப்படி அந்தத் தொழில் சரியா என்று கேட்டேன். “அப்போ யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.)

1994-ம் வருஷ நோட்டில் ஒரு வரி இருந்தது: ‘டூயட் – சாக்ஸபோன் மட்டும். இரண்டு பக்கமும்.’

சுரங்கத்தில் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிற ஒருவர் கேட்டாராம். அவருக்குப் பாட்டு வேண்டாம், நடுவில் வருகிற சாக்ஸபோன் மட்டும் போதும். அப்பா டபுள் டெக்கில் பாஸ் பட்டனை அமுக்கி அமுக்கி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருக்கிறார். இரண்டு ராத்திரி ஆனதாம். ஒரு கேசட்டுக்கு வாங்குகிற காசுதான் வாங்கினாராம்.

அந்தப் படத்தில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். மேலைநாட்டு வாத்தியமான சாக்ஸபோனில் கமகம் வருகிற மாதிரி மாற்றங்கள் செய்து, கர்நாடக சங்கீதம் வாசித்தவர். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்திருக்கிறார். பல வருஷம் கழித்து அமெரிக்காவில் ருத்ரேஷ் மகந்தப்பா என்கிற ஜாஸ்காரருக்கு, அவர் அண்ணன் கத்ரியின் ஆல்பம் ஒன்றைக் கிண்டலுக்காகக் கொடுத்தார். அதைக் கேட்டு அசந்துபோனவர், பின்னால் கத்ரியோடு சேர்ந்தே 2008-ல் ‘கின்ஸ்மென்’ ஆல்பம் போட்டார். கத்ரி 2019-ல் இறந்துபோனார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ‘கின்ஸ்மென்’ என் பிளேலிஸ்ட்டிலேயே இருந்தது. ஆனால் அதை ஒரு நாளும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டத் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி போட்டேன். இரண்டு பேரும் ஆல்டோ சாக்ஸபோன். யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று எனக்குப் பாதி இடத்தில் குழம்பும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “இது கத்ரி. இப்போ வர்றது அந்த இன்னொருத்தர். இதோ, மறுபடி கத்ரி.”

“எப்படிப்பா?”

“கத்ரி ஒரு ஸ்வரத்துல சும்மா நிக்கமாட்டார் பாப்பா. அசைச்சுக்கிட்டே இருப்பார். ரெண்டு ராத்திரி வெட்டி ஒட்டினவனுக்குத் தெரியாதா?”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த இன்னொருத்தரும் நல்லாத்தான் வாசிக்கிறார்” என்றார்.

சாக்குகள் இப்போது என் ரூமில் இருக்கின்றன. டெக்கின் பெல்ட் இளகிப் பிசுக்காகிவிட்டிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி வாங்கிப் போட்டேன். லேப்டாப்பில் ஆக்ஸ் கேபிள் மாட்டி ஒவ்வொன்றாகப் பதிகிறேன். இதில் ஷார்ட்கட் கிடையாது. அறுபது நிமிஷ கேசட்டுக்கு அறுபது நிமிஷம் உட்கார வேண்டும். இதுவரை 14 முடித்திருக்கிறேன். ஒன்பது கேசட்டில் பூஞ்சை ஏறி, ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சாக்ஸபோன் கேசட் எங்கள் சாக்கில் இருக்க வாய்ப்பில்லை. அது வாங்கினவர் வீட்டுக்குப் போய்விட்டது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் போடும்போது ஒரு நொடி எதிர்பார்க்கிறேன்.

பிளேஸ்மென்ட் இன்னும் ஆகவில்லை. போன வாரம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் வழக்கம்போல, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். ஜெராக்ஸ் கடை, அதற்கு முன்னால் ரெக்கார்டிங் சென்டர் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார் அந்த ஹெச்ஆர். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் விளக்க ஆரம்பித்தேன். நேரம் முடிந்துவிட்டது.